பெற்றால் மட்டும் தகப்பனா?

(சங்க அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் விலங்கியலில் பி.எஸ்ஸி. படித்தவன். படிப்பு முடிந்ததும் மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அதன்பின் முப்பத்தைந்து வருஷங்கள் கோப்புகளோடுதான் வாழ்க்கை. ஓய்வு பெற்ற பிறகு பழைய பாடத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு, நூல் நிலையம் நூல் நிலையமாகப் போய்ப் படித்து வருகிறேன். "விஞ்ஞான விஷயமாக இருக்கட்டும், ஆனால் மாமிகளுக்கும் குழந்தைகளுக்கும் புரிய வேண்டும்" என்று செயலாளர் நிபந்தனை போட்டார். ஆகவே எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். அவர்தான் அப்பா.

நம் வீட்டுக் காலண்டர்களைப் பாருங்கள். பசுவும் கன்றும் இருக்கும். கோழியும் குஞ்சுகளும் இருக்கும். காளையைக் கன்றின் பக்கத்தில் நிறுத்தி யாரும் காலண்டர் போட்டதில்லை. பிராணிகளில் குட்டியை வளர்ப்பது தாய்தான், தகப்பன் வந்தான் போனான் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப் போயிருக்கிறது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அதைவிட சுவாரசியமானது.

தகப்பன் என்றால் யார்? காளிதாசன் ரகுவம்சத்தில் திலீப மகாராஜாவைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு ஓர் இலக்கணம் தருகிறான். குடிமக்களை நல்வழியில் பயிற்றியதாலும், காத்ததாலும், போஷித்ததாலும் அந்த அரசனே அவர்களுக்குத் தகப்பன். பெற்ற தகப்பன்மார் பிறவிக்குக் காரணம் மட்டுமே என்பது அதன் தாத்பரியம். ஆக மூன்று கடமைகள்: போஷணை, ரக்ஷணை, பயிற்சி. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு காட்டிலும் கடலிலும் உள்ள தகப்பன்மார்களைப் பார்ப்போம்.

போஷணை

முதலில் நம் தேசத்துப் பறவை ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும், இமயமலை அடிவாரத்திலும், வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் பெரிய இருவாட்சி. கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுதான் மாநிலப் பறவை. மும்பை அங்கத்தினர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சின்னத்தில் இருப்பது இந்தப் பறவைதான். 'வில்லியம்' என்று பெயரிட்ட ஒரு பெரிய இருவாட்சி 1894 முதல் 1920 வரை அந்தக் கழகத்தின் கட்டிடத்திலேயே வளர்ந்தது.

முட்டையிடும் காலம் வந்ததும் பெண் இருவாட்சி உயரமான மரத்திலுள்ள ஒரு பொந்துக்குள் புகுந்துகொள்கிறது. தன் எச்சத்தையும் பழக் கூழையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்து விடுகிறது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு நீண்ட பிளவு மட்டும் பாக்கி. பாம்பு, கீரி, குரங்கு எதுவும் உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கும்போதே தாய்க்குப் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதாவது அவள் வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஒன்றோ இரண்டோ முட்டை. அடைகாக்க சுமார் நாற்பது நாட்கள். பிறகு குஞ்சு வளர வேண்டும். ஆரம்பம் முதல் குஞ்சு பறக்கும் வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள்.

இவ்வளவு நாளும் சாப்பாடு? ஆண் பறவை கொண்டுவர வேண்டும். காட்டில் அத்தி, ஆல் ஜாதிப் பழங்கள் எங்கே பழுத்திருக்கின்றன என்று தேடி, தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் வாசலில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொரு பழமாக வெளியே எடுத்துக் கொடுக்கிறது. இடையிடையே ஓணான், பூச்சி எல்லாம் உண்டு. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் வெளியே வருகிறாள். வாசல் மறுபடி அடைபடுகிறது. அப்புறம் இருவருமாகக் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அபாயம் இருக்கிறது. வெளியே திரியும் அந்த ஆண் பறவையை ஒரு வேட்டைக்காரன் சுட்டால், விழுவது ஒரு பறவை. போவது பெரும்பாலும் ஒரு குடும்பம். அருணாசலத்தின் நிஷி பழங்குடி ஆண்கள் இருவாட்சியின் அலகைத் தலைப்பாகையில் சூடுவது சம்பிரதாயம். அதை மாற்ற ஃபைபர் கிளாஸில் செய்த போலி அலகுகள் கொடுக்கப்பட்டன. பின்னர் 2011-12-ல் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடுகளில், விஞ்ஞானிகளும் வனத்துறையும் நிஷி கிராமத் தலைவர்களின் அமைப்பும் சேர்ந்து 'கூடு தத்தெடுக்கும் திட்டம்' ஒன்றைத் தொடங்கினார்கள். நகரவாசிகள் பணம் அனுப்புகிறார்கள். கிராமத்து ஆண்கள் கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்துக் காவல் காக்கிறார்கள். அவர்களில் சிலர் முன்னாள் வேட்டைக்காரர்கள்.

அடுத்தது பாலைவனப் பக்கம். ராஜஸ்தான், குஜராத், தக்காணத்தின் வறண்ட வெளிகளில் கல்கௌதாரி என்றொரு பறவை உண்டு. புறா அளவு இருக்கும். தின்பது காய்ந்த விதைகள். குஞ்சுகளும் பிறந்ததும் விதைதான் தின்னும். ஆனால் தண்ணீர்? குளம் பல மைல் தூரத்தில். குஞ்சுகளுக்கோ பறக்கத் தெரியாது. தகப்பன் காலையில் குளத்துக்குப் போய், வயிறு நனைய நீரில் அமிழ்ந்து நிற்கிறான். அவன் வயிற்று இறகுகள் மட்டும் ஸ்பாஞ்சு போல நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பறந்து வந்து நிமிர்ந்து நிற்கிறான். கன்றுக்குட்டி மடியில் முட்டுவது போலக் குஞ்சுகள் அடியில் நுழைந்து அந்த இறகுகளை அலகால் உருவி நீர் குடிக்கின்றன.

மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் தாம் வளர்த்த பறவைகளில் இதைப் பார்த்து 1896-ல் எழுதினார். பலர் நம்பவில்லை. 1967-ல் கேட், மக்லீன் என்ற இருவர் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் இதே ஜாதியைச் சேர்ந்த ஒரு பறவையை ஆராய்ந்து உறுதி செய்தார்கள். ஒரு தடவையில் சுமார் 25 மில்லி லிட்டர் நீரை உறிஞ்ச முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சங்கில் இரண்டு மூன்று சங்கு வரும். வழியில் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும் மீதி குஞ்சுகளுக்கு எட்டி விடுகிறது. ஒரு தகப்பன் கண்ணெதிரே செய்கிற வேலையை உலகம் ஒப்புக்கொள்ள எழுபத்தோரு வருஷம் ஆயிற்று!

ரக்ஷணை

இரண்டாவது கடமை காப்பது. இதில் உதாரணங்கள் ஏராளம்.

வயல்களிலும் குட்டைகளிலும் ராட்சத நீர்ப்பூச்சி இனத்தைச் சேர்ந்த தட்டையான பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் "முட்டை சுமப்பது தாய்தானே" என்று தீர்மானித்துவிட்டார்கள். 1899-ல் ஃப்ளோரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண்மணி சோதித்துப் பார்த்து, சுமப்பவன் ஆண் என்று எழுதினார். பெண் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாள். முட்டைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். அவன் நீர்மட்டத்துக்கு வருவதும், உடலை மேலும் கீழும் ஆட்டி முட்டைகளின் மேல் நீரோட்டம் உண்டாக்குவதுமாகக் காலம் கழிக்கிறான். முட்டைகள் பொரியும் வரை இதே வேலைதான்.

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஒரு சின்னஞ்சிறு தவளை. 2014-ல் கே.வி. குருராஜாவும் அவருடைய சக விஞ்ஞானிகளும் இதைப் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தார்கள். முட்டையிட்ட பிறகு ஆண் தவளை ஓடையின் அடியிலிருந்து சேற்றை அள்ளி, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களால் முட்டைகளின் மேல் பூசுகிறது. முட்டைகள் காய்ந்து போகாமலும், எதிரிகளின் கண்ணில் படாமலும் இருக்க இது உதவும் என்று கருதுகிறார்கள். கன்னடத்தில் குயவருக்குக் 'கும்பார' என்று பெயர். ஆகவே இந்தத் தவளையின் விஞ்ஞானப் பெயரிலும் 'கும்பார' என்றே சேர்த்துவிட்டார்கள்.

பரத்பூர் போன்ற இடங்களில் தாமரைக் குளங்களில் நடமாடும் நீளவால் இலைக்கோழியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நீண்ட விரல்களால் இலைமேல் நடக்கும். இதில் குடும்ப ஏற்பாடு தலைகீழ். பெண் ஒரே பருவத்தில் பல ஆண்களுக்கு முட்டையிட்டுத் தருகிறாள். ஒவ்வொரு ஆணும் தன் பங்கு நான்கு முட்டைகளைத் தனியாக அடைகாத்து, குஞ்சுகளையும் தனியாகவே வளர்க்கிறான். நீர்மட்டம் ஏறினால் முட்டைகளை வேறு இடத்துக்கு நகர்த்துகிறான். எதிரி வந்தால் சிறகு ஒடிந்தவன் போல நடித்து அதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறான்.

கடல்குதிரையில் ஆண்தான் கர்ப்பம் தரிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இடுகிறாள். அங்கே முட்டைகளுக்குப் பிராணவாயு கிடைக்கிறது. பையினுள் உள்ள உப்புச் சத்தும் சரிசெய்யப்படுகிறது. சில வாரங்களில் பிரசவ வேதனை போலவே உடல் சுருங்கிச் சுருங்கி நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை வெளியேற்றுகிறது. அதோடு சரி, பிறகு அந்தக் குஞ்சுகள் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இவை உண்டு. மருந்துக்கென்று ஏராளமாகப் பிடிபட்டதால் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

ரக்ஷணையில் சிகரம் என்று நான் கருதுவது அண்டார்டிகாவின் எம்பரர் பெங்குவின். மே, ஜூன் மாதங்களில், அங்கே குளிர்காலம் உச்சத்தை நெருங்கும்போது, பெண் ஒரே ஒரு முட்டையிடுகிறாள். பனியில் பட்டால் முட்டை உறைந்துவிடும். அதனால் அதைக் கால்மேலிருந்து கால்மேல் ஜாக்கிரதையாகத் தகப்பனிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறாள். தகப்பன் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, சுமார் 65 நாட்கள் நிற்கிறான். சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம், மைனஸ் 40 டிகிரி குளிர், பனிப்புயல். சாப்பாடு கிடையாது. முட்டைக்கு முன்பே தொடங்கிய உபவாசத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 115 நாட்கள். உடல் எடையில் சுமார் 40 சதவீதம் கரைந்து போகிறது.

ஆயிரக்கணக்கான தகப்பன்மார் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்பவனுக்குக் குளிர் அதிகம். கூட்டம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், வெளியே நின்றவன் உள்ளே வருகிறான்; உள்ளே இருந்தவன் வெளியே போகிறான். நம் ரேஷன் கடை வரிசையில்கூட இவ்வளவு நியாயம் இல்லை. தாய் திரும்பி வரத் தாமதமாகி, அதற்குள் குஞ்சு பொரிந்துவிட்டால், நான்கு மாதமாகச் சாப்பிடாத அந்தத் தகப்பன் தன் உணவுக் குழாயில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குஞ்சுக்கு ஊட்டுகிறான்.

பயிற்சி

மூன்றாவது கடமையில் உதாரணங்கள் குறைவு. சொல்லிக் கொடுப்பது அவ்வளவு சுலபமல்ல என்பதை வாத்தியார்கள் அறிவார்கள்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிட்டுக்குருவி போன்ற பறவை நல்ல உதாரணம். இதில் ஆண்தான் பாடும். மகன் பாட்டைப் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து கற்றுக்கொள்கிறான். பிறந்து மூன்று மாதத்துக்குள் பாடம் முடிந்துவிட வேண்டும். முதலில் கேள்வி ஞானம்; அப்புறம் தப்பும் தவறுமாகச் சாதகம்; கடைசியில் தகப்பனின் பாட்டை ஏறக்குறைய அப்படியே பாடுகிறான். அந்த வயதில் பெரிய ஆண் பறவையின் பாட்டையே கேட்காமல் வளர்ந்த குஞ்சு பிறகு பாடும், ஆனால் பாட்டு சரியாக அமையாது. குருகுலம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

காட்டில் தகப்பன் கூடவே இருப்பதும் ஒரு பயிற்சிதான். ஆண் புலி குட்டிகளை வளர்ப்பதில்லை என்பது நான் கல்லூரியில் படித்த பாடம். 2011 பிப்ரவரியில் ராஜஸ்தானின் ரந்தம்பூர் காப்பகத்தில் டி-5 என்ற பெண் புலி, சின்னஞ்சிறு இரண்டு பெண் குட்டிகளை விட்டுவிட்டு இறந்துபோயிற்று. குட்டிகள் பிழைக்காது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் காட்டில் பொருத்தியிருந்த தானியங்கிக் காமிராக்களில், டி-25 என்ற ஆண் புலி அந்தக் குட்டிகளோடு நடந்து போகும் படங்கள் விழுந்தன. தகப்பன் அவன்தான் என்று கருதுகிறார்கள். அவன் எல்லைக்குள், அவன் நிழலில் அவை வளர்ந்தன. வளர்ந்து பெரிதான இரண்டையும் 2013 ஜனவரியில், புலியே இல்லாமல் போய் மறுபடி குடியேற்றப்பட்ட சரிஸ்காவுக்குக் கொண்டு போனார்கள்.

எல்லாத் தகப்பனும் இப்படியா?

இல்லை. பறவைகளில் பத்தில் எட்டு ஒன்பது இனங்களில் தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சு வளர்க்கிறார்கள். பாலூட்டிகளில் தகப்பன் ஒத்தாசை செய்வது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து இனங்களில்தான். காரணம் எளிது. பறவையின் முட்டையைத் தகப்பனும் அடைகாக்கலாம்; இரையைத் தகப்பனும் கொண்டுவரலாம். பாலூட்டிகளில் கர்ப்பமும் பாலும் தாயிடம் மட்டும். பொதுவாகச் சொன்னால், ஒருவரால் மட்டும் குட்டியைக் கரையேற்ற முடியாத இடத்தில் தகப்பன் தங்குகிறான். செந்நாய் ஒரு நல்ல விதிவிலக்கு. பந்திப்பூரில் 1970-களில் ஏ.ஜே.டி. ஜான்சிங் செய்த ஆராய்ச்சி புகழ்பெற்றது. கூட்டத்திலுள்ள ஆண்களும் வேட்டை முடிந்து வளைக்கு வந்து, தின்ற இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊர் அனுமன் குரங்குக் கூட்டத்தில் புதிதாக ஓர் ஆண் தலைமைக்கு வந்தால், முந்தையவனின் குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. 1960-களில் தார்வாரில் சுகியாமா என்ற ஜப்பானியரும், 1970-களில் அபு மலையில் சாரா ஹர்டி என்ற அமெரிக்கரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பிராணிகளைப் பார்த்து தர்மம் கற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தர்மம் கற்க நமக்கு வேறு இடங்கள் உண்டு. பிராணிகளிடம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். குழந்தை வளர்ப்பு ஆண் சரீரத்துக்கு அந்நியமான வேலை அல்ல.

மனிதனுக்கும் இது பொருந்தும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சேபூ நகரில் 624 வாலிபர்களை 2005-லும் மறுபடி 2009-லும் பரிசோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கல்யாணமாகித் தகப்பன் ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மைச் சுரப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. 2011-ல் முடிவுகள் வெளியாயின. இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இது வியாதி அல்ல. போட்டிக்கும் சண்டைக்கும் தயாராக இருந்த உடம்பு தொட்டில் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில்

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் முந்தைய தலைமுறைத் தகப்பன்மார் இருவாட்சி ஜாதி. கிராமத்தை விட்டு மாதுங்காவுக்கும் கரோல் பாக்குக்கும் வந்து, ஓர் அறையில் நான்கு பேர் தங்கி, மாதாமாதம் மணியார்டர் அனுப்பினார்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் பெரியவர்கள் முன்னால் மரியாதைக் குறைவு என்று எண்ணிய காலம் அது. அவர்களுக்கு அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பொந்துக்குள் தாய் மட்டுமா இருந்தாள்? பாட்டி, அத்தை, பெரியம்மா என்று ஒரு படையே இருந்தது. தகப்பன் போஷணையோடு நிறுத்திக்கொண்டாலும் மற்ற இரண்டும் நடந்தன.

இன்று பெங்களூரிலோ புனேயிலோ மூன்றாவது மாடியில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை மூன்றே பேர். இருவருக்கும் ஆபீஸ். இருவரும் சம்பாதிப்பதால் போஷணை பொதுவாகிவிட்டது. பொதுவாக்கப்பட வேண்டிய மற்ற இரண்டும் அதே வேகத்தில் பொதுவாகவில்லை. நள்ளிரவில் குழந்தை அழுதால் எழுந்திருப்பது இன்னும் பல வீடுகளில் ஒருவர் மட்டுமே.

இதில் பெரியவர்களாகிய நம் பங்கும் உண்டு. பிள்ளை குழந்தைக்கு டயப்பர் மாற்றினால், "எங்கள் காலத்தில் ஆம்பிளைகள் இதெல்லாம் தொட்டதில்லை" என்று சிரிக்கிறோம். மாட்டுப்பெண் காது கேட்கச் சொல்கிறோம். அவன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். வேறு யார் தடுத்தாலும் கேட்காதவன் அம்மா சிரித்தால் நிறுத்திவிடுவான். தயவுசெய்து அந்தச் சிரிப்பை விட்டுவிடுவோம்.

சர்க்கார்கூட இதை உணர்ந்துவிட்டது. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 1997-ல் மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு, இரண்டு குழந்தைகள் வரை, மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு வந்தது. என் குழந்தைகள் பிறந்த நாட்களில் அதுவும் கிடையாது. பெங்குவினுக்கு 65 நாள், நமக்கு 15 நாள்! வாலிபர்கள் அந்த 15 நாளையாவது தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வீட்டு வேலைக்கும் ஊர் சுற்றவும் செலவழிக்காமல் குழந்தை பக்கத்தில் இருக்க வேண்டும்.

இருவாட்சி ஊட்டும், கற்றுக் கொடுக்காது. பெங்குவின் காக்கும், அடுத்த கோடையில் தன் குஞ்சு எங்கே என்று அதற்குத் தெரியாது. ஃபிஞ்ச் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும். மூன்று மாதத்தோடு முடிந்தது. காளிதாசன் சொன்ன மூன்றையும், அதுவும் இருபது வருஷம் விடாமல் செய்யக்கூடிய தகப்பன், எனக்குத் தெரிந்து மனிதன் ஒருவன்தான். அந்தத் தகுதி நம் ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே இருக்கிறது. பயன்படுத்திக்கொள்வது நம் கையில்.

 காபி ஆறுவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.